நாறுதாண்ணன்

ஆலை வாசலில் அவன் படத்தைக் கட்டிய அன்று எனக்குக் குமட்டியது அந்தப் பல்லைப் பார்த்துத்தான். நாறுதாண்ணனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. எட்டு வருஷமாகக் கிடையாது. பேனரில் சிரித்தவனுக்கு ஒரு பல்லும் குறையவில்லை. முகத்தை வெளுக்க அடித்து, கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டி, அதற்குக் கோட்டும் மாட்டிவிட்டிருந்தார்கள். ‘உயிரைத் துச்சமென மதித்துக் குழியில் குதித்த மாவீரன்’ என்று சிவப்பு எழுத்து. சைக்கிளை விட்டு இறங்கி அதை முழுக்கப் படித்தேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

மீன் தூள் ஆலையில் நான் எழுத்தர். மனுஷன் வாயில் வைக்காத மீன், வெட்டிப் போட்ட தலை, குடல், செதில் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். இறங்கும்போதே பாதி அழுகியிருக்கும். அதை வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, அரைத்துச் சாக்கில் கட்டினால் கோழிக்கும் பன்றிக்கும் தீனி. பிழியும்போது வடிகிற தண்ணீர் பின்கட்டில் இருக்கிற குழிக்குப் போகும். அந்த நாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. பஸ்ஸில் நாங்கள் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். சோப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. மாடியில் என் மேஜைக்குப் பக்கத்தில் குழியைப் பார்த்தாற்போல ஒரு ஜன்னல் உண்டு. அதை நான் திறப்பதே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

குழி இரண்டு ஆள் ஆழம். சுவரில் இரும்புப் படி. மேலே வாளி தூக்கக் கைப்பிடி வைத்த ஓர் உருளை. மாதம் ஒரு தடவை இரண்டு பேர் இறங்கி, அடியில் படிந்த சகதியை அள்ளி வாளியில் போட வேண்டும். அந்தச் சகதியைக் கிளறினால் ஒரு காற்று வரும். முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். நாறுகிற வரைக்கும் பயமில்லை. கொஞ்ச நேரத்தில் திடீரென்று நாற்றம் நின்றுவிடும். காற்று நல்லதாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் மூக்கு செத்திருக்கும். அதற்கப்புறம் உள்ளே இருக்கிற ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம்தான்.

இதைக் கண்டுபிடித்து எங்கள் ஆலைக்குச் சொன்னது எந்த இன்ஜினியரும் இல்லை, நாறுதாண்ணன்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், அந்தக் குழியில் செத்த பிறகு அவன் ஒரு வழக்கம் கொண்டுவந்தான். யார் இறங்கினாலும் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். அவன் மேலே நிற்பான். நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பான்.

“நாறுதா?”

“நாறுது.”

“சரி, அள்ளு.”

இவ்வளவுதான். நாறவில்லை என்று சொன்னாலோ பதில் வராவிட்டாலோ கேள்வி முறை கிடையாது, தூக்கிவிடுவான். ஆலையே அவனைக் கேலி செய்தது. சொந்தப் பெயர் மறந்து நாறுதாண்ணன் என்பதே பெயராகிவிட்டது. கேண்டீனில் அவன் தட்டில் சோறு விழும்போது பின்னாலிருந்து யாராவது “நாறுதா?” என்று குரல் கொடுப்பார்கள். கோபப்பட மாட்டான். ஆனால் கயிறு கட்டாமல் ஒருத்தன் இறங்கினால் சட்டையைப் பிடித்து அடிக்கப் போவான்.

நானும் அவனும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ரகசியம் நிற்காது. அவனுக்கு வேறொரு பைத்தியமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். மனைவி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியே நின்றுகொண்டு கேட்பான்.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இருக்கியா?”

“இல்ல, ஓட்டப் பிரிச்சுக்கிட்டு ஓடிட்டேன்! நிம்மதியாக் குளிக்க விடுய்யா!”

அவள் எங்கள் ஆலையில்தான் சாக்குத் தைக்கிறாள். வாய் நீளம், கை சுத்தம். புருஷனிடம் அவளுக்கு இரண்டு குறை. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை குடிக்கிறான். இன்னொன்று, அவள் அண்ணனைப் பற்றி எவனாவது ‘குடிகாரன், போதையில விழுந்து செத்தான்’ என்று சொன்னால் வாயைத் திறந்து மறுக்க மாட்டேன் என்கிறான். அண்ணன் பெண்டாட்டியை எல்லோரும் குடிகாரன் பெண்டாட்டி என்று பேசினார்கள். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். “எங்கண்ணன் பாட்டில மோந்துகூடப் பாத்ததில்ல” என்று இவள் எட்டு வருஷமாகச் சொல்கிறாள். எவனும் காது கொடுக்கவில்லை. ஆலை ரிப்போர்ட்டில் அப்படி எழுதியிருந்ததே. அந்த ரிப்போர்ட்டை எழுதியவனும் நான்தான். மேனேஜர் சொன்னார், எழுதினேன். கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, போடவில்லை. எழுத்தில் பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

போன மாதம் நடந்தது இது. ஒல்லியாக ஒருத்தன், தடியாக ஒருத்தன், இரண்டு பேரும் புது ஆட்கள், குழிக்குள் இருந்தார்கள். நான் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் போடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்கும்.

“நாறுதா?”

“உன் வாய விட நாறுதுண்ணே!” என்றான் ஒல்லி. தடியன் சிரித்தான்.

“சரி, அள்ளு.”

அடுத்த நிமிஷம், “நாறுதா?”

“இல்லண்ணே, இப்ப பரவால்ல. சுத்தமா நாத்தமே இல்ல.”

நாறுதாண்ணன் விளிம்பில் குனிந்தான். “ஏறு! ஏறுடா மேல! ரெண்டு பேரும்!” என்று கத்தினான். ஒல்லி இரண்டு படி ஏறிச் சரிந்து விழுந்தான். தூக்கக் குனிந்த தடியன் அவன் மேலேயே விழுந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த லாரி டிரைவர் செருப்பை உதறிவிட்டுக் குதிக்கப் போனார். நாறுதாண்ணன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் அவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தான். டிரைவர் கெட்ட வார்த்தையில் அலறிக்கொண்டு விழுந்தார். “திட்டறத அப்புறம் திட்டு! கயித்தப் புடிடா!” என்றான். அவனும் டிரைவரும் உருளையில் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். முதலில் தடியன், அப்புறம் ஒல்லி. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம். இரண்டு பேரும் மூச்சு விட்டு இருமிய பிறகு, இவன் சுவரோரம் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவன் கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

நான் பார்த்த வீரம் இதுதான். டீ ஆறிப்போயிருந்தது. நான் கீழே இறங்கிப் போகவில்லை.

பேப்பர்காரன் வந்தான், மேனேஜர் பேசினார். முதலாளிக்குச் செய்தி பிடித்துப்போனது. ஆலையிலேயே விழா வைப்பது, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு மடல் கொடுப்பது, மேஸ்திரி ஆக்குவது என்று முடிவானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

“சார், அவன் குதிக்கல சார். மேல நின்னுதான் இழுத்தான்.”

“மேல நின்னு இழுத்தான்னு போட்டா எவன்யா கை தட்டுவான்? கெணத்துல தண்ணி எறச்ச மாதிரி இருக்கும். குதிச்சான்னு போடு.”

“குதிச்சிருந்தா மூணு பொணம் விழுந்திருக்கும் சார்.”

“குதிச்சும் சாகலல்ல? அதான்யா வீரம். டிரைவர அடிச்சதெல்லாம் வேணாம், அசிங்கமா இருக்கும். மேடையில அவனே பேசற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடு. நடுவுல உருக்கமா ஒண்ணு வேணும்.” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆங், அவன் மச்சான் குடிச்சிட்டு விழுந்து செத்தான்ல? அதப் பாத்து மனசு ஒடஞ்சு, இனிமே ஒரு உயிரும் போக விடமாட்டேன்னு சபதம் எடுத்தான்னு போடு. பிரமாதமா இருக்கும்.”

“சார், அந்த விஷயம்...”

“என்ன அந்த விஷயம்? உன் ரிப்போர்ட்லயே இருக்குய்யா.” அலமாரியைத் திறந்து பழைய கோப்பை எடுத்து என் முன்னால் போட்டார். என் கைப்பட எழுதியது. எழுத்து அழகாகத்தான் இருந்தது.

விழா அன்று காலையில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒரே கூடம்தான், அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் கைகளைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி, நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் துணி துவைக்கிற பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் புதுச்சட்டை தொங்கியது. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“வாங்கண்ணே. பாருங்க இந்தக் கையி. மேடையில கை குடுக்கிற மொதலாளி மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“போதும்மா, தோலு வந்துரும்” என்றான் அவன்.

“வந்தா வரட்டும். ஒரு நாளைக்காவது மனுஷன் மாதிரி இரு. அண்ணே, விஷயம் தெரியுமா? எங்க அண்ணி வருது. நான்தான் போன் போட்டேன். எட்டு வருஷம் கழிச்சு ‘வர்றேன்’னுச்சு. முன் வரிசையில எம்பக்கத்துலதான் உக்கார வைக்கப் போறேன். குடிகாரன் குடும்பம்னு பேசினவனுங்க எல்லாம் பாக்கட்டும்.”

என் கையிலிருந்த தாள் கனத்தது. அப்படியே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள், “படிங்க சார், நான் கேட்டுக்கறேன்” என்றான் அவன். “நீயே படிச்சுப் பழகு” என்று சொல்லி நீட்டினேன். நான் எழுதியதை என் வாயால் படிக்கிற அளவுக்குக்கூட எனக்குத் துப்பில்லை.

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். அவையோருக்கு வணக்கம், முதலாளியின் பெருங்கருணை, பாதுகாப்பில் நமது ஆலைக்கு நிகரில்லை, ஆபத்தைக் கண்டதும் குழியில் குதித்தேன். குதித்தேன் என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். “குடிபோ... குடிபோதையில் இதே குழியில்...” என்று தொடங்கி, நின்றுவிட்டான்.

பிரஷ் நின்றது. “என்னது? மறுபடி படி.”

அவன் படிக்கவில்லை.

“யாருண்ணே எழுதினது இத?”

“மேனேஜர் சொன்னாரும்மா” என்றேன். அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது.

“எங்கண்ணன் குடிக்க மாட்டான். நீ குடிப்ப. எவ்வளவு வேணும்னாலும் குடிப்ப. அவன் குடிக்க மாட்டான். நீ அன்னிக்கு அங்கதான இருந்த? இவரு முன்னாடி சொல்லுய்யா, இப்பவாவது சொல்லு.”

“அவன் குடிக்கலம்மா.”

“அது எனக்கே தெரியும். எப்படி விழுந்தான்?”

வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான். “நான்தான் மேல நின்னேன். அப்ப கயிறெல்லாம் கட்டறதில்ல. நாத்தம் தாங்கலடா மாப்ளன்னு திட்டிக்கிட்டே அள்ளினான். கொஞ்ச நேரம் கழிச்சு, ‘மாப்ள, நாத்தம் நின்னு போச்சுடா’ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.”

“நீ என்ன சொன்ன?”

“நல்லதாப் போச்சு மச்சான், இப்பவே இன்னும் நாலு வாளி அள்ளிரு, வேலை முடியும்னேன்.”

அவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

“சொல்லிட்டு, பீடி குடிக்கப் பத்தடி தள்ளிப் போனேன். திரும்பி வந்து பாத்தா குப்புறக் கெடக்கான். எனக்குக் கீழ எறங்கணும்னு தோணல. ஓடினேன். சாக்குக் கொட்டாய்க்குப் பின்னாடி போயி உக்காந்துக்கிட்டேன். மத்தவங்க வந்து கொக்கி போட்டுத் தூக்கும்போதுதான் வந்து உருளையச் சுத்தினேன். கை நழுவி, பிடி வந்து வாயில அடிச்சுச்சு. பல்லு போனது அப்பத்தான். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டாரு. மேல நின்னவன் தப்புன்னா உன்னத்தான் உள்ள வைப்பாங்க, அவன் குடிச்சிருந்தான்னு சொல்லிரு, செத்தவனுக்கு என்ன ஆகப் போவுதுன்னாரு. கையெழுத்துப் போட்டேன்.”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய் அதை அணைத்தாள். சோப்புத் தண்ணீரை வாசலில் கொண்டுபோய் ஊற்றினாள். திரும்பி வந்து நின்றாள்.

“நான் குளிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு இருக்கியா இருக்கியான்னு கேப்பியே, அது என்னன்னு நெனச்சேன் தெரியுமா? எம்மேல பாசம்னு நெனச்சேன். தையல் கொட்டாய்ல பெருமையா வேற சொல்லியிருக்கேன். த்தூ.”

“இந்தா, இங்க பாரும்மா...”

“எங்கிட்டப் பேசாத. அண்ணி பஸ்ஸு வர்ற நேரமாச்சு.” செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டாள். “அது வந்து முன்னாடி உக்காந்திருக்கும். அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு இதப் படிப்பியா?”

அவன் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விழாவைச் சாக்குக் கிடங்கில் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து நாலு பேர் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ரோஜா வாசனை, அதற்கு அடியில் அழுகிய மீன். தனித்தனியாக வந்தால் தாங்கிக்கொள்ளலாம், சேர்ந்து வந்தபோது குடலைப் பிடுங்கியது. குழியைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, சுற்றிலும் பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். அடியில் காற்று அடைபட்டுக் கிடக்குமே என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. முதலாளி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. முதல் வரிசையில் அவளும் அவள் அண்ணியும். அண்ணி ஒடுங்கிப்போய் இருந்தாள், மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒல்லியும் தடியனும் நன்றியுடன் இருமிக்கொண்டிருந்தார்கள். டிரைவரை அழைக்கவே இல்லை. அவராகவே நொண்டிக்கொண்டு வந்து கடைசியில் நின்றார்.

முதலாளி பேசினார், மேனேஜர் பேசினார். இரண்டு பேரும் அவனைக் குழிக்குள் குதிக்க வைத்தார்கள். மேனேஜர் ஒரு படி மேலே போய், மூச்சடக்கி மூன்று தடவை முங்கி எழுந்தான் என்றார். முத்துக் குளிக்கப் போனான் என்று சொல்லாத குறைதான். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஆட்களும்தான் தட்டினார்கள். நடந்ததை நேரில் பார்த்தவர்கள் தட்டியதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கண்ணாடிச் சட்டத்தை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

மைக்கை உயரம் சரிசெய்து அவன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது என் வேலை. அவன் படிக்க ஆரம்பித்தான். வணக்கம் வந்தது, கருணை வந்தது, குதித்தேன் என்பதையும் விழுங்கி விழுங்கிச் சொல்லிவிட்டான். அடுத்த வரியில் நின்றான்.

கூட்டம் காத்திருந்தது. மேனேஜர் பின்னாலிருந்து, “படிடா” என்று பல்லைக் கடித்தார். அவன் கண் முதல் வரிசையில் இருந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மச்சான் செத்த அன்று சாக்குக் கொட்டகைக்குப் பின்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது அவன் மனைவி எழுந்து நின்றாள். குழியின் விளிம்பில் நின்று அவன் கூப்பிடுகிற அதே சத்தத்தில், அதே இழுப்பில் கேட்டாள்.

“நாறுதா?”

பின்னால் கொல்லென்று சிரிப்பு. முதலாளி கைக்குட்டைக்கு மேலே கண்ணை உருட்டினார். அவள் உட்காரவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“கேக்குதாய்யா? நாறுதா?”

அவன் தாளைக் கீழே போட்டான்.

“நாறுது” என்றான்.

“சரி, அள்ளு.”

அள்ளினான். “நான் குதிக்கல. எவனாவது குதிக்கச் சொன்னா குதிக்காதீங்க, செத்துருவீங்க. அந்த டிரைவர் குதிக்கத்தான் பாத்தாரு, முட்டியில அடிச்சேன், மன்னிச்சுருங்கண்ணே. எனக்கு அன்னிக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு, பயத்துல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எம் மச்சான் நாத்தம் நின்னு போச்சுன்னான். நல்லதாப் போச்சு, அள்ளுன்னேன். பீடி குடிக்கப் போயிட்டேன். அப்புறம் ஓடிட்டேன். அவன் குடிக்கல. ஒரு நாளும் குடிச்சதில்ல. குடிச்சான்னு பொய்க் கையெழுத்துப் போட்டது நான்...”

மேனேஜர் பாய்ந்து வந்து மைக் வயரைப் பிடுங்கினார். ஆலை இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவனுக்கு மைக் எதற்கு? கடைசி வரைக்கும் கேட்கும்படியாகவே முடித்தான். “கயிறு கட்டாம எறங்காதீங்க. மேல ஆள் இல்லாம எறங்காதீங்க. நாறலன்னா ஏறிடுங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுவும் அவன் செத்ததால தெரிஞ்சுது.”

அண்ணி மெதுவாக எழுந்து மேடையோரம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். காறி அவன் காலடியில் துப்பினாள். “எம் பொண்ணப் பள்ளிக்கூடத்துல வச்சுக் குடிகாரன் மகளேன்னு கூப்பிட்டாங்கடா. எட்டு வருஷமாடா” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவன் மனைவியும் அவளோடு போய்விட்டாள். இவன் எச்சிலைத் துடைக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினான். வழியில் நின்ற டிரைவர் அவன் தோளில் ஒன்று போட்டார். அது அடியா தட்டிக் கொடுத்ததா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பாத்திரம் வைக்கிற சத்தம், குளியலறைக் கதவு, தாழ்ப்பாள், தண்ணீர். அப்புறம் தண்ணீர்ச் சத்தமும் நின்றது. அவன் வெளியில்தான் நின்றிருக்க வேண்டும், செருப்பு தரையில் தேயும் சத்தம் வந்தது. ஆனால் ‘இருக்கியா’ என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மொள்கிற மக்கைத் தரையில் போட்டு உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“ஏய்யா, உள்ள நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா? கேட்டுத் தொலையேன்!”

“இருக்கியா?” என்றான்.

“இருக்கேன். போ அந்தப் பக்கம்.”

ஆலை வாசலில் பேனரைக் கழற்றிவிட்டார்கள். அதைக் கிழித்து, அழுகின மீன் லாரிக்குப் படுதாவாகக் கட்டியிருந்தார்கள். கோட்டுப் போட்ட உடம்பு ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமும் தொங்கின. மேனேஜர் எனக்காகக் காத்திருந்தார்.

“உக்காருய்யா. எழுது. மேற்படி தொழிலாளி விழாவுக்குக் குடிபோதையில் வந்து, நிர்வாகத்தின்மேல் அவதூறாக உளறியதால், இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். ஞாயித்துக்கிழமைக் குடிகாரன்னு ஊருக்கே தெரியும், எவனும் கேள்வி கேக்க மாட்டான்.”

அதே குடிபோதை. எட்டு வருஷத்தில் மனுஷனுக்குப் புதிதாக ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. நேற்று ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் வாய்க்கு நேரே நின்றவன் நான். பல்பொடி வாசனையைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

“வாசகம் ஒரே மாதிரி இருக்கட்டும் சார், அந்தப் பழைய கோப்பையும் குடுங்க” என்றேன். அவருக்குச் சந்தோஷம். எடுத்துக் கொடுத்தார்.

மேஜையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழியை மூடிய பச்சைப் புல்லைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அள்ளியே ஆக வேண்டும், பம்பு அடைத்துவிட்டது. காலையிலேயே வேலைக்கு வராதே என்று சொல்லியனுப்பிய ஆளைப் பக்கத்துத் தெருவுக்குப் போய்க் கையோடு கூட்டி வந்திருந்தார்கள் ஒல்லியும் தடியனும். அவன் நிற்காவிட்டால் இறங்க மாட்டோம் என்று பழைய மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்களாம். பலகையை எடுத்துவிட்டுக் காற்றாட விட்டு ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் ஒல்லியின் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

நான் எழுந்து ஜன்னல் கொண்டியைத் தட்டினேன். துருப்பிடித்துப் போயிருந்தது. பேப்பர் வெயிட்டால் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் திறந்தது. நாற்றம் உள்ளே வந்து விழுந்தது. மேஜை, கோப்பு, என் சட்டை, என் வாய் எல்லாம் அதுதான்.

“யோவ், என்னய்யா பண்ற? ஜன்னலச் சாத்து! சாத்துய்யா!” மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

கீழே அவன் குரல் கேட்டது. “நாறுதா?”

“நாறுதுண்ணே!”

“சரி, அள்ளு.”

புதுத் தாளில் எழுதினேன். ‘நேற்று விழாவில் பேசிய தொழிலாளி குடித்திருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குழியில் இறந்த அவருடைய மைத்துனரும் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தார் என்று எழுதியவன் நான்.’ அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். இன்னொரு தாளை எடுத்து அதையே மறுபடி எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைப் பழைய கோப்பில் சேர்த்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாறுதாண்ணன் மனைவியிடம் அவள் அண்ணியின் விலாசம் கேட்கத் தையல் கொட்டகைக்கு இறங்கிப் போனேன். ஜன்னலைச் சாத்தவில்லை.